எல்சாட் தர்க்கப் பகுதி: போலிவாதங்களின் பெயர்கள் தெரிந்தும் விடை தவறுவது ஏன்?

சிப்புட் கிராணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். இங்கேயே பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கனடாவில் சட்டம் படிக்க விண்ணப்பிப்பதற்காக எல்சாட் (LSAT) என்னும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு ஆறு மாதமாகத் தயார் செய்து வருகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அம்மா தொலைக்காட்சியை நிறுத்திய பிறகு ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை படிப்பேன். வாசிப்புப் பகுதி ஓரளவு கைவந்துவிட்டது. தர்க்கப் பகுதியில்தான் முன்னேற்றமே இல்லை. அதிலும், "இந்த வாதத்தில் உள்ள குறை எது?" என்று கேட்கும் வினாக்களில் தொடர்ந்து தவறு செய்கிறேன். கடைசியாக எழுதிப் பார்த்த இரண்டு தர்க்கப் பகுதிகளிலும் சேர்த்துப் பதினொரு விடைகள் தவறின. அவற்றில் ஏழு இந்த வகையைச் சேர்ந்தவை.

போலிவாதங்களின் பெயர்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது, நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் காட்டி வட்டமிடுவது, நான்கு பேரைப் பார்த்துவிட்டு ஊரையே அளப்பது, உடன் நிகழ்ந்ததைக் காரணமாகக் கொள்வது என்று இருபதுக்கும் மேற்பட்ட வகைகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனாலும் ஐந்து விடைகளையும் வரிசையாகப் படிக்கும்போது குறைந்தது மூன்று விடைகள் சரியாகத் தெரிகின்றன.

என் குழப்பம் எந்த இடத்தில் என்று காட்ட இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். தேர்வு வினாக்களை அப்படியே எடுத்துப் போடுவது முறையன்று என்பதால், அவற்றின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் செய்தியாக மாற்றி எழுதியிருக்கிறேன்.

முதலாவது: "ஒரு ரப்பர் தோட்டத்திற்குப் பிப்ரவரி மாதம் புதிய மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்தார். அவர் வந்ததிலிருந்து ஸ்டோருக்கு வரும் பால் குறைந்துவிட்டது. எனவே அவருடைய மேற்பார்வை சரியில்லை." இதன் குறை படித்த உடனே தெரிந்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். புதிய இலை முற்றும் வரை பால் குறைவாகத்தான் இருக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும்.

இரண்டாவது: "செம்பனைப் பூக்களில் மகரந்தம் சேர்க்கும் ஆப்பிரிக்க வண்டு 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதன் பிறகு குலைகளில் காய் பிடிப்பது கூடியது. எனவே காய் கூடியதற்கு அந்த வண்டுதான் காரணம்." இதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அது உண்மை. என் பாட்டி, அந்த வண்டு வருவதற்கு முன்பு, மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து பெண் பூக்களின் மீது ஊதும் வேலைக்குப் போனவர். மட்டையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊத வேண்டும், முள் கிழித்த தழும்பு முழங்கை வரை இருக்கும் என்று சொல்லித் தம் கையைக் காட்டுவார். வண்டு வந்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போயிற்று. இப்படி, என் வீட்டிலேயே சாட்சி இருக்கும் ஒரு செய்தியில் நான் எப்படிக் குறை காண்பது?

ஆகவே என் கேள்விகள் இவை. முடிவு உண்மை என்று தெரிந்திருந்தாலும் வாதம் குறையுள்ளதாக இருக்க முடியுமா? எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டுத்தான் படிக்க வேண்டுமா? ஒன்றுபோலவே தோன்றும் விடைகளை எப்படிப் பிரிப்பது? இந்தத் தேர்வை எழுதியவர்களும், தருக்கம் கற்பித்தவர்களும் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

தாப்பா ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அன்பு மகளுக்கு வணக்கம். நான் எல்சாட் எழுதியவன் அல்லன். முப்பது ஆண்டுகள் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்தவன். ஆதலால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வாதம்தான். ஒன்று வந்தது, பிறகு மற்றொன்று மாறியது, எனவே முன்னது பின்னதற்குக் காரணம். முதலாவதில் உங்கள் அறிவு முடிவுக்கு எதிராக நின்றதால் பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் உங்கள் அறிவே, பாட்டியின் கை உட்பட, அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டதால் சமதரையாகத் தோன்றியது. அறிவு இரண்டு இடத்திலும் உங்களுடையது. தாளில் எழுதியிருந்த வாதம் இரண்டு இடத்திலும் ஒரே அளவுக்குத்தான் குறையுள்ளது.

தேர்வு கேட்பது "முடிவு உண்மையா?" என்பதை அன்று. "எழுதித் தந்திருக்கும் ஆதாரங்களை மட்டும் ஒப்புக்கொண்டால், இந்த முடிவை ஒப்புக்கொண்டே ஆக வேண்டுமா?" என்பதையே அது கேட்கிறது. வண்டைப் பற்றிய வாதத்தில் எழுதியிருப்பவை, வண்டு விடப்பட்டது, காய் கூடியது என்ற இரண்டு மட்டுமே. அதே காலத்தில் உரம் மாறியிருக்கலாம், புதிய நாற்று ரகம் காய்க்கத் தொடங்கியிருக்கலாம், மழை நன்றாகப் பெய்திருக்கலாம். இவற்றில் எதுவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்று அந்த வாதம் காட்டவில்லை என்றுதான் சொல்கிறேன். காற்று புகும், வண்டு புகாது என்னும்படி சில பூக்கொத்துகளை மூடி வைத்து, மூடாத கொத்துகளோடு ஒப்பிட்டு, மூடியவற்றில் காய் பிடிக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதே முடிவு வலுவான ஆதாரத்தின் மேல் நின்றிருக்கும். உண்மையான முடிவுக்கும் நொண்டிக் காரணம் சொல்ல முடியும். என் மாணவர்களின் கட்டுரைகளில் நான் சிவப்பு மையால் திருத்தியவற்றில் பாதி இந்த வகைதான். அவர்கள் எழுதிய முடிவுகளோடு எனக்குக் கருத்து வேறுபாடே இருந்ததில்லை.

நீங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். எல்சாட் தேர்வு முதன்முதலில் நடத்தப்பட்ட ஆண்டு 1948. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் உங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டையும் யாரும் காரணமும் விளைவுமாக முடிச்சுப் போட மாட்டார்கள், ஏனென்றால் அவற்றை இணைக்கும் கதை எதுவும் நம் மனத்தில் எழுவதில்லை. மண்டோருக்கும் பாலுக்கும் அப்படி ஒரு கதை உடனே எழுகிறது. காலம் ஒத்துப்போவது என்ற ஆதாரம் இரண்டிலும் ஒன்றே; கதை எழுகிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. தேர்வு எழுதும்போது அந்தக் கதை உங்கள் மனத்தில் எழும் இடத்தில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஆகவே தெரிந்ததை மறக்க வேண்டியதில்லை. அதை ஆதாரங்களோடு கலக்காமல் தனியே வைத்தால் போதும். "வேறு என்ன காரணம் இருந்திருக்கலாம்?" என்று தேடும்போது உங்கள் தோட்டத்து அறிவு மிகவும் உதவும்.

நிபந்தனை வாக்கியங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்த வகைத் தேர்வுகளில் அது அடிக்கடி வரும் என்று அறிகிறேன். நம் மொழியில் இது பழைய கலை. தருக்கப் பிழைகளைப் 'போலி' என்று பெயரிட்டு, பக்கப்போலி (நிறுவ வரும் கூற்றில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று மணிமேகலையின் 29-ஆம் காதை வகைப்படுத்துகிறது. அந்த மரபின் அடிப்படை எடுத்துக்காட்டு புகையும் நெருப்பும்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பது போல. இதைத் திருப்பிப் போட்டு, "நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும்" என்றால் கெட்டுவிடும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈர விறகு புகையும், நன்றாகக் கனன்ற கரி புகையாது.

தோட்டத்து வழக்கில் சொன்னால் இப்படி. "பட்டை நனைந்திருந்தால் பாலுக்காக மரம் சீவ மாட்டார்கள்." இதிலிருந்து, "இன்று சீவவில்லை, ஆகவே பட்டை நனைந்திருக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது, இன்று தீபாவளியாக இருக்கலாம். "இன்று பட்டை காய்ந்திருக்கிறது, ஆகவே சீவுவார்கள்" என்பதும் நிற்காது. "இன்று சீவுகிறார்கள், ஆகவே பட்டை நனையவில்லை" என்பது மட்டுமே நிற்கும். இந்த நான்கு வாக்கியங்களையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருபது பெயர்களை மனப்பாடம் செய்ததைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பயன்படும் என்று நம்புகிறேன்.

---

கூலிம் அக்கா எழுதியது:

தங்கைக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் இந்தத் தேர்வை இரண்டு முறை எழுதியவள்; இப்போது வெளிநாட்டில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐயா வாதத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நான் விடைகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் முயற்சி கெட்டது அங்கேதான்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பயிற்சிப் புத்தகங்களை வைத்திருப்பவர்கள் இன்னும் பழைய அமைப்புக்கே படிக்கிறார்கள். 2024 ஆகஸ்டு முதல் 'லாஜிக் கேம்ஸ்' என்று சொல்லப்பட்ட புதிர்ப் பகுதி நீக்கப்பட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு உரியவை இரண்டு தர்க்கப் பகுதிகளும் ஒரு வாசிப்புப் பகுதியும்; மதிப்பெண் இல்லாத சோதனைப் பகுதி ஒன்றும் கூட வரும், அது எது என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மதிப்பெண் 120-இலிருந்து 180 வரை. தவறான விடைக்குக் கழிப்பது இல்லை, ஆகவே எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. தர்க்கப் பகுதி முன்பைவிட இரு மடங்கு எடை பெற்றுவிட்டதால், குறை காணும் வினாக்களில் நீங்கள் இழப்பதும் அதே அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

இப்போது ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம். "இந்த மாதம் மேற்குத் தோட்டம் ஆலைக்கு அனுப்பிய குலைகளில் 2 விழுக்காடு பழுக்காதவை. கிழக்குத் தோட்டம் அனுப்பியவற்றில் 5 விழுக்காடு பழுக்காதவை. எனவே ஆலைக்கு வந்த பழுக்காத குலைகளில் கிழக்குத் தோட்டத்துடையவையே அதிகம்." நீங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்கை நாள்தோறும் பார்ப்பவர், விழுக்காட்டிலிருந்து எண்ணிக்கைக்குத் தாவியிருக்கிறார்கள் என்பது உடனே தெரியும். மேற்கிலிருந்து 10,000 குலைகளும் கிழக்கிலிருந்து 2,000 குலைகளும் வந்திருந்தால், பழுக்காதவை முறையே 200-உம் 100-உம் ஆகின்றன. முடிவு கவிழ்ந்துவிட்டது.

ஆனால் இந்தக் குறையைக் கண்டுகொண்ட பிறகும் விடைகளில் தவற முடியும். ஒரு விடை இப்படி இருக்கும்: "பழுக்காத குலைகள் ஏன் தீங்கானவை என்பதை வாதம் விளக்கவில்லை." உண்மைதான், விளக்கவில்லை, அந்த முடிவுக்கு அது தேவையும் இல்லை. இன்னொன்று: "முழுத் தொகுதியையும் காட்டாத மாதிரியை நம்புகிறது." வாதத்தில் மாதிரி என்ற பேச்சே இல்லை. இவை இரண்டையும் எளிதில் தள்ளிவிடலாம். இரண்டு மீதமிருக்கும். ஒன்று, "இரு தோட்டங்களும் ஒரே எண்ணிக்கையிலான குலைகளை அனுப்பின என்று நிறுவாமலே எடுத்துக்கொள்கிறது." மற்றொன்று, "மேற்குத் தோட்டம் மிக அதிகமான குலைகளை அனுப்பியிருக்கக்கூடும் என்பதைக் கருதத் தவறுகிறது." முதல் முறை தேர்வு எழுதியபோது இப்படிப்பட்ட இடத்தில் நான் முன்னதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அது தவறு. கிழக்குத் தோட்டம் மேற்கைவிட அதிகக் குலைகளை அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? எண்ணிக்கை ஒன்றாக இல்லை, ஆனாலும் முடிவு நிற்கிறது, முன்னைவிட நன்றாகவே நிற்கிறது. ஆகவே அந்த வாதத்துக்கு இரண்டும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பின்னதை உண்மை என்று வைத்துப் பாருங்கள், முடிவு விழுகிறது. அதுவே விடை.

ஒவ்வொரு விடையிடமும் நான் கேட்பது இரண்டே கேள்விகள். வாதம் இதை உண்மையிலேயே செய்திருக்கிறதா? செய்திருந்தால், முடிவு கெடுவது இதனால்தானா? 'எடுத்துக்கொள்கிறது' என்று தொடங்கும் விடையாக இருந்தால், அந்த எடுகோளைப் பொய் என்று வைத்துப் பாருங்கள். வாதம் உடைய வேண்டும். 'கருதத் தவறுகிறது' என்று வந்தால், கருதாமல் விட்டதை உண்மை என்று வைத்துப் பாருங்கள்; அப்போதும் வாதம் உடைய வேண்டும். உடையவில்லை என்றால், அந்த விடை எவ்வளவு கற்றறிந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

தமிழில் சிந்திப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். எனக்கு இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் சொல்லவில்லை. நம் மொழியில் காரணம் முன்னே வரும், முடிவு பின்னே வரும்: "மழை பெய்ததால், பட்டை நனைந்ததால், இன்று வேலை இல்லை." வாக்கியத்தின் கனம் கடைசியில் உட்கார்ந்திருக்கும். ஆங்கில வாதங்களில் முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு 'சின்ஸ்', 'பிகாஸ்', 'ஃபார்', 'ஆஃப்டர் ஆல்' என்று காரணங்களை அடுக்குவது மிகச் சாதாரணம். கடைசி வாக்கியம்தான் முடிவு என்று நம் மனம் தானாகவே பிடித்துக்கொள்ளும். முடிவையே தவறாகப் பிடித்தால், அதற்குப் பின் எவ்வளவு கூர்மையாகக் குறை தேடினாலும் வேறொரு வாதத்தின் குறையைத்தான் காண்போம். ஒவ்வொரு வாதத்திலும் முடிவு எது என்று விரலை வைத்துக் காட்டிய பிறகே மேலே செல்லுங்கள்.

நேரத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். ஒரு மாதம் கடிகாரம் இல்லாமல், விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, குறையை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: "விழுக்காட்டைச் சொல்லி எண்ணிக்கைக்குத் தாவுகிறார்", "இது ஒன்றுதான் வழி என்கிறார், வேறு வழி இருக்கலாம்" என்பது போல. பிறகு கையை எடுங்கள்.

---

சிப்புட் கிராணி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பதில்களையும் அச்சிட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள ஒட்டுக்கடைக்குப் போயிருந்தபோது, அங்கே நடந்த பேச்சையே பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். அதில் ஓர் இடத்தில் தடுமாற்றம் வந்தது. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு குத்தகையாளர் மூன்று காரணங்களைச் சொன்னார்: குலை ஏற்றும் லோரிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க இடமில்லை, பள்ளிப் பேருந்து பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில் ஓரம் இடிந்துவிடுகிறது. அதற்கு ஒருவர், "அகலப்படுத்தினால் வேலை உமக்குத்தானே கிடைக்கும், ஆகவே நீர் சொல்வதை ஏற்க முடியாது" என்றார். இது ஆளைத் தாக்கும் போலிவாதம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

சிறிது நேரம் கழித்து வேறு பேச்சு. சென்ற வாரம் ஒரு வீட்டு ஆட்டின் மீது லோரி ஏறிவிட்டது. ஓட்டுநர், தாம் மெதுவாகத்தான் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு எங்கள் மாமா, "ஓட்டியவர் அவர், அவர் வேறு எப்படிச் சொல்வார்? அவர் பேச்சை மட்டும் நம்ப முடியாது" என்றார். இதுவும் அதே போலிவாதம் என்று நான் சொன்னேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் மாமா சொன்னது நியாயமாகவே படுகிறது. இரண்டு இடத்திலும் சொல்பவரின் தன்னலத்தைத்தானே சுட்டுகிறார்கள்? எது சரி?

---

ஈப்போ வழக்கறிஞர் எழுதியது:

வணக்கம். உங்கள் மாமா சொன்னது சரி. நீங்கள் முதலாவதில் கண்டதும் சரி.

குத்தகையாளர் தம் சொல்லை நம்பும்படி யாரையும் கேட்கவில்லை. லோரி ஒதுங்க இடமில்லை என்பதை எவரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காரணங்கள் வெளியே கிடக்கின்றன. அவற்றைச் சொன்னவர் யார் என்பதால் அவற்றின் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஓட்டுநரின் நிலை வேறு. அவர் மெதுவாக வந்தார் என்பதற்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் முன்வைக்கப்படவில்லை. சொல் மட்டுமே ஆதாரமாக இருக்கும்போது, அந்தச் சொல்லைத் தருபவரின் நம்பகத்தன்மையைக் கேட்பது ஆதாரத்தையே சோதிப்பதாகும். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு சாட்சியின் நம்பகத்தன்மையைத் தாக்க வழி தருவது இதனால்தான். சாட்சி கையூட்டுப் பெற்றிருந்தாலும், முன்பு வேறு விதமாகச் சொல்லியிருந்தாலும் அதை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். வழக்கறிஞர் முன்வைக்கும் சட்ட வாதத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணம் வாங்கிக்கொண்டு வாதாடுகிறார் என்பது அவருடைய வாதத்துக்குப் பதில் ஆகாது.

ஒன்றைக் கவனியுங்கள். "அவர் பேச்சை மட்டும் நம்ப முடியாது" என்ற அளவில் உங்கள் மாமா நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஓர் அடி வைத்து, "ஆகவே அவர் வேகமாகத்தான் வந்தார்" என்று சொல்லியிருந்தால் அது குறையுள்ள வாதமாகியிருக்கும். மெதுவாக வந்தார் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பது, வேகமாக வந்தார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. சாலையில் டயர் தடம் எவ்வளவு நீளம், பார்த்தவர்கள் யார் என்று கேட்கத் தொடங்க வேண்டிய இடம் அது. குறை காணும் வினாக்களில் இந்த ஓர் அடியை மிக அமைதியான நடையில், கடைசி வாக்கியத்தின் ஒரே ஒரு சொல்லில் வைத்திருப்பார்கள். 'நிறுவப்படவில்லை' என்று ஆதாரங்களில் இருப்பது முடிவில் 'பொய்' என்று மாறியிருக்கும். 'சிலர்' என்பது 'பெரும்பாலோர்' ஆகியிருக்கும். 'செய்யக்கூடும்' என்பது 'செய்யும்' ஆகியிருக்கும். முடிவில் உள்ள சொல்லையும் ஆதாரத்தில் உள்ள சொல்லையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மனுக்களையும் பதில் மனுக்களையும் படிக்கும்போது நான் இன்றும் பென்சிலால் இதைத்தான் செய்கிறேன்.

---

சிப்புட் கிராணி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. மாமாவிடம் இன்று மாலையே சொல்லிவிட்டேன். அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நேற்றிரவு அந்தப் பழைய தாள்களை எடுத்து, தவறிய ஏழு வினாக்களையும் விடைகளை மறைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அக்கா சொன்னபடி முதலில் முடிவின் மேல் விரல் வைத்தேன். ஏழில் நான்கில் முடிவு முதல் வாக்கியத்தில் இருந்தது. நான் அப்போது கோடிட்டிருந்தது கடைசி வாக்கியத்தை. அந்த நான்கிலும் நான் கண்ட குறை, அந்த வாதத்தில் இல்லாத ஒரு முடிவின் குறை. மற்ற மூன்றில் ஒன்று விழுக்காடும் எண்ணிக்கையும். ஒன்று, நிறுவப்படவில்லை என்பதிலிருந்து பொய் என்பதற்குத் தாவியது. கடைசி ஒன்று இன்னும் பிடிபடவில்லை. ஒரு நகரத்தில் மிதிவண்டித் தலைக்கவசம் அணிவோர் கூடிய பிறகு தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருவோரும் கூடினார்கள், எனவே கவசத்தால் பயனில்லை என்பது அதன் சாரம். "மிதிவண்டி ஓட்டுவோரே பெருகியிருக்கலாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். கவசம் இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது உயிரோடு மருத்துவமனை வரை வருகிறார்கள் என்பதும் தோன்றுகிறது. விடைகளில் இரண்டுமே வேறு சொற்களில் இருக்கின்றனவா என்று இன்றிரவு கையை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.